பழைய வலை, ஒரு டம்ளர் மோர்

கனகசெட்டிக்குளம்
5 ஏப்ரல் 2025

கலைவாணி மேடம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை வீராயி அக்காவின் மீன் கூடையில் வைத்துப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்புகிறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, எப்படியும் நீ அவரிடம் மீன் வாங்க வருவாய். கவிச்சி அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு படி. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். நீ பேச ஆரம்பித்தால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தலையாட்டிவிடுவேன்.

நேற்று சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் உங்கள் கம்பெனிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. மேனேஜர் ராமலிங்கம் போன் செய்து, நம் ஊரில் சேர்த்துக் கொடுத்த பழைய வலை சரியில்லை, மிச்சக் கட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போ என்றார். வண்டி பிடித்து வந்தேன். கண்ணாடி அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே உன் குரல்.

"அந்தக் கடற்கரை ஜனங்கள நம்பவே முடியாது சார். எடை காட்டறதுக்கு எதையாவது உள்ள சொருகிடுவாங்க."

ராமலிங்கம் சொல்லவில்லை, நீ சொன்னாய். 'அந்த' ஜனமாம். எந்த ஜனம் அக்கா? நீ பிறந்த வீட்டுக் கதவைத் திறந்தால் தெரிவது கடலா, கடைத்தெருவா?

வலை கொடுக்க ஆரம்பித்தபோது, "நான் உன் அக்கான்னு அங்க யார்கிட்டயும் சொல்லாதடா, சிபாரிசுன்னு நெனைப்பாங்க" என்றாய். என் அக்கா எவ்வளவு நேர்மைக்காரி என்று நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அம்மா உனக்காகக் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டைக் கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று கேட்டார். "உங்களுக்குத்தாண்ணே" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

வலைக் கட்டுகள் இப்போது நம் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. வீடு வீடாகப் போய் "எங்க அக்கா கம்பெனி கேக்குது" என்று வாங்கியவன் நான். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். நீ சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நம்ப முடியாத ஜனத்தில் ஒருவன்,
நிலவன்


உப்பளம்
8 ஏப்ரல் 2025

நிலவா,

வீராயி அக்கா கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்து மார்க்கெட்டிலேயே பிரித்துப் படித்தேன். மீன் வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். பின்னால் வீராயி அக்கா கூப்பிட்டது காதில் விழுந்தது, திரும்பவில்லை.

நான் சொன்னது தப்பு. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

உங்கள் வலையை உருக்கி நாங்கள் செய்தது, காரில் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றி வருகிற கூடு. இதுவரை புது நைலானில்தான் செய்தார்கள். புது நைலான் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. அதைச் செய்யும்போது கரியமில வாயு மட்டுமல்ல, அதைப்போல இருநூறு மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்து வைக்கிற இன்னொரு வாயுவும் வெளியே போகிறது. கிழிந்த நைலான் வலையை உருக்கிச் செய்தால் அதில் பெரும்பங்கு மிச்சம். ஒரு வண்டிக்கு ஒரு கூடுதான், ஆனால் எத்தனை வண்டி ஓடுகிறது என்று நினைத்துப் பார். கார் கம்பெனிக்காரர்கள் பிளாஸ்டிக் செய்யும்போது வருகிற வாயுவைக் குறைக்கச் சொன்னபோது, வலை என்கிற யோசனையைச் சொன்னவள் நான். நம் ஊரில் கடல் ஒவ்வொரு மழைக்கும் உள்ளே வருவதைப் பார்த்து வளர்ந்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

சோதனையில் கூடு விரிசல் விட்டது. சூடேற்றிக் குலுக்கியதும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது. பார்த்தால் நைலானோடு இழுவை வலையும் கலந்திருக்கிறது. அது வேறு பிளாஸ்டிக், இரண்டும் ஒட்டாது. கார் கம்பெனி எஞ்சினியர் பிரேம்குமார், "பழையபடி புது நைலானுக்கே போயிடலாம்" என்று சொல்லிவிட்டார். என் இரண்டு வருஷ உழைப்பு. அந்த ஆத்திரத்தில் வாய் தவறிவிட்டது.

நைலான் வலை மட்டும்தான் வேண்டும் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னேன். ஏன் கலந்தாய்? அதற்கு மட்டும் பதில் சொல்லு.

கலைவாணி

கருவாட்டைச் செக்யூரிட்டிக்குக் கொடுத்தது நல்லதுதான்.


கனகசெட்டிக்குளம்
17 ஏப்ரல் 2025

அக்கா,

மேடம் என்று எழுத இன்றைக்குத் தெம்பில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது, பெரிய படகுகள் எல்லாம் கரையில். வேலை இல்லாதபோது கோபம்கூட சோம்பேறியாகிவிடுகிறது.

ஏன் கலந்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன். சின்னக்கண்ணு பெரியப்பா தன் பழைய இழுவை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவராகவே வந்தார். அடுத்து அவர் சம்பந்தி வீடு, அதற்கடுத்து இன்னும் நாலு வீடு. நம் ஊரில் பொதுவுக்கு ஒன்று கேட்டால் எல்லா வீட்டிலும் கேட்க வேண்டும், எல்லா வீட்டிலும் வாங்க வேண்டும். ஒரு வீட்டில் வாங்கிவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டை ஊரைவிட்டுத் தள்ளி வைத்த மாதிரி. உனக்கு மறந்துபோயிருக்கும். "உன் வலை ஒதவாது பெரியப்பா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உருக்கினால் எல்லாம் ஒன்றாகத்தானே போகும் என்று நினைத்துக் கட்டுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். எடை காட்ட இல்லை. முட்டாள்தனம்தான், நான்தான் செய்தேன். உன் இரண்டு வருஷத்தைக் கெடுத்தது நான் என்று படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒட்டாது, உரிந்துவிடும் என்று நீ முன்னாலேயே சொல்லவில்லை. நைலான் மட்டும் என்றாய், காரணம் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை வந்து நாலு பேரை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பெரியப்பாவே வலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருப்பார். தொழிற்பேட்டையிலிருந்து நம் ஊர் என்ன வெளிநாடா? ராமலிங்கம்கூடப் போனில், "உங்க ஊருக்கு வரணும்னு சொல்லிட்டே இருக்கேன், எங்க மேடம்தான் வேணாம்னுட்டாங்க" என்றார்.

ஏன் வேணாம் என்றாய்?

நிலவன்


உப்பளம்
27 ஏப்ரல் 2025

நிலவா,

உன் கேள்விக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. பதில் தெரியாமல் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். நான் அப்போது ஊரிலிருந்துதான் பஸ்ஸில் போய் வருவேன், அம்மா சோறு கட்டித் தருவார். சாப்பாட்டு அறையில் டப்பாவை லேசாகத் திறந்தேன். யாரோ ஒருவர், "யாருப்பா கருவாடு கொண்டாந்தது, உக்கார முடியல" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலவா, நானும் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ கொண்டு வந்த மாதிரி, நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். டப்பாவை மூடிப் பையில் போட்டுவிட்டு கேன்டீனில் தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா கட்டிக்கொடுத்ததைச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய்க்குப் போட்டேன்.

அந்த மாதமே உப்பளத்தில் ரூம் எடுத்தேன். பஸ் வசதி என்று வீட்டில் சொன்னேன். கம்பெனியில் எந்த ஊர் என்று கேட்டால் பாண்டி டவுன், உப்பளம் பக்கம் என்று சொல்லிக்கொண்டேன். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

ராமலிங்கம் சாரோடு ஊருக்கு வந்தால் யாராவது "கலை வந்துட்டா" என்று கத்துவார்கள். அம்மா வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அதற்குப் பயந்துதான் வேணாம் என்றேன். வந்திருந்தால் வலை கலந்திருக்காது. ஆக, கூடு விரிசல் விட்டதற்குக் காரணம் நீ இல்லை, பெரியப்பாவும் இல்லை. வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதியதும் பொய். அந்த ஜனம் வேறு, நான் வேறு என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன்.

பிரேம்குமாரிடம் பேசி இன்னும் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். இதுவும் தவறினால் வலை என்ற பேச்சே கிடையாது. வலை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று அவரும் ராமலிங்கம் சாரும் நேரில் பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக இது என் ஊர், இவன் என் தம்பி என்று சொல்லிவிடுகிறேன். வரட்டுமா?

உன் அக்கா


கனகசெட்டிக்குளம்
4 மே 2025

அக்கா,

வா. பதினாலாம் தேதி புதன்கிழமை எல்லோரும் கரையில் இருப்பார்கள்.

யாரையும் திருப்பி அனுப்பாமல் ஒரு வழி யோசித்திருக்கிறேன். எல்லா வீட்டு வலையையும் வாங்கிக்கொள்வோம், ஆனால் தனித்தனிக் குவியலாக. நைலான் ஒன்று, இழுவை வலை ஒன்று, கயிறு ஒன்று. உனக்கு வேண்டிய குவியலை நீ எடு. மற்றதற்கு வேறு ஆலை பார்த்துக் கொடு. எந்த வீட்டு வலை எந்தக் குவியலில் போனாலும் பரவாயில்லை, எல்லோரிடமும் வாங்கினார்கள் என்று ஆகிவிடும். பெரியப்பா சம்மதித்துவிட்டார்.

நாய்க்குப் போட்டதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

நிலவன்


உப்பளம்
15 மே 2025

நிலவா,

காலாப்பட்டு தாண்டியதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். 'சார், இது என் ஊர்.' நாலே வார்த்தை.

கதவைத் திறந்து இறங்கினேன். நீ முன்னால் வந்து, "வாங்க மேடம்" என்றாய். அடுத்த நிமிஷம் என் வாயிலிருந்து, "வணக்கம், நல்லா இருக்கீங்களா" என்று வந்தது. என் தம்பியை நான் 'இருக்கீங்களா' என்று கேட்டேன். ராமலிங்கம் சார் உன் கையைக் குலுக்கினார். அதற்குப் பிறகு சொல்ல இடமே கிடைக்கவில்லை என்று எழுதலாம். கிடைத்தது. போகும்வரை கிடைத்துக்கொண்டே இருந்தது.

பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, நைலான் முங்கும், இழுவை வலை மிதக்கும் என்று நான் செய்து காட்டியபோது சின்னக்கண்ணு பெரியப்பா, "எது முங்கும் எது மெதக்கும்னு எங்களுக்கே பாடமா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தோளில் ஏறித்தான் நான் மாசிமகம் பார்த்திருக்கிறேன். அவரும் என்னை மேடம் என்றார்.

அப்புறம் அம்மா வந்தார். எல்லோருக்கும் தட்டில் மோர். ராமலிங்கம் சாருக்கு, பிரேம்குமாருக்கு, கடைசியில் எனக்கு. என் முகத்தைப் பார்க்காமல், "வெயிலா இருக்குது, கொஞ்சம் மோர் குடிங்க மேடம்" என்றார். நான் வாங்கிக் குடித்தேன். அம்மா கை மோர்தான், இஞ்சி தட்டிப் போட்டது. குடித்து முடித்ததும் கை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டார். நம் வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவாமல் நான் என்றைக்காவது வைத்திருக்கிறேனா? அம்மா விட்டதுண்டா? நேற்று விருந்தாளியிடம் வாங்குவது மாதிரி என் கையிலிருந்து வாங்கினார்.

வண்டியில் திரும்பும்போது பிரேம்குமார், "நல்ல ஏற்பாடு மேடம்" என்று பாராட்டினார். நன்றி சொன்னேன்.

ஊரில் எல்லோரிடமும் என்ன சொல்லி வைத்தாய்? என்னைத் தெரிந்த மாதிரி ஒருவர்கூடக் காட்டிக்கொள்ளவில்லையே. அவர்கள் முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன்?

கலைவாணி


கனகசெட்டிக்குளம்
18 மே 2025

அக்கா,

நான் யாரிடமும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அம்மா மேல் சத்தியம்.

நீதான் சொல்லப் போகிறாய் என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் வண்டியிலிருந்து இறங்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது வைத்துக்கொள்வாயே, அந்த முகம். பாவமாக இருந்தது. மேடம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நக்கலுக்கு இல்லை. உனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்றுதான்.

நான் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டதும் ஊர் பிடித்துக்கொண்டது. ஏன், என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. 'கலை அத்தே' என்று ஓடிவந்த குழந்தையை வாயைப் பொத்தி வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள், நீ கவனித்திருக்க மாட்டாய். வீராயி அக்கா உன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவோமோ என்று ஏலக்கூடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நீங்கள் போன பிறகுதான் பெரியப்பா என்னிடம், "கொழந்தைக்கு வேலையில எதனா பிரச்சனையாடா? நாம எதனா தப்பா பேசிட்டமா?" என்று கேட்டார்.

நம்பவே முடியாத ஜனம் என்றாய். உன் ரகசியத்தை உன்னைக் கேட்காமலே ஊரே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. குத்திக் காட்டுவதற்கு எழுதவில்லை, எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த டம்ளரை மட்டும் தேய்த்துக் கழுவி அலமாரி மேல் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறார். நான் தண்ணீர் குடிக்க எடுத்தபோது, "அத வையி, அது வர்றவங்க போறவங்களுக்கு" என்றார்.

நைலான் குவியல் தயார். நீயே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்.

நிலவன்


உப்பளம்
8 ஜூன் 2025

நிலவா,

சோதனை தேறிவிட்டது. நம் வலையில் செய்த கூட்டைச் சூடேற்றினார்கள், குலுக்கினார்கள், ஒரு கீறல் இல்லை. இனி அந்த வண்டிக்கு வலை நைலான்தான் என்று பிரேம்குமார் முடிவு சொல்லிவிட்டார். இதை முதலில் எழுதியதற்குக் காரணம், மற்றதை எழுதத் தைரியம் வேண்டும்.

வெள்ளிக்கிழமை அதே கண்ணாடி அறையில் கூட்டம். ராமலிங்கம் சார், "அந்த ஊர்க்காரங்கள நாம தப்பா நெனச்சிட்டோம்மா, நம்பலாம்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை.

"அது என் ஊரு சார். நிலவன் என் தம்பி. நமக்கு மோர் குடுத்தது எங்க அம்மா. மொதல் தடவை வலை கலந்ததுக்குக் காரணம் நான்தான். ஊருக்குப் போய்ச் சொல்ல வெட்கப்பட்டு போன்லயே முடிச்சிட்டேன். நம்ப முடியாத ஜனம்னு சொன்னதும் நான்தான். அந்த ஜனத்துல நம்ப முடியாத ஆளு ஒருத்திதான் சார்."

பிரேம்குமார் தன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டார். வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், திட்டுவார்கள் என்று நின்றேன். ராமலிங்கம் சார், "பெத்த அம்மாவாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் எப்படிம்மா அன்னைக்கு வெளியாள் மாதிரி வாங்கிக் குடிச்ச?"

கத்தியிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரலாம் என்று நினைக்கிறேன். பெரியப்பா காலில் விழ வேண்டும், வீராயி அக்காவிடம் பேச வேண்டும். ஆனால் அம்மா வரச் சொன்னால்தான் வருவேன். நாய்க்குப் போட்டது உட்பட எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டு. எதையும் விடாதே. என்ன சொன்னார் என்று எழுது, நல்லது கெட்டது எதுவானாலும்.

கலை


கனகசெட்டிக்குளம்
12 ஜூன் 2025

அக்கா,

படித்துக் காட்டினேன். உன் பழைய கடிதங்களையும் சேர்த்து, ஒன்றுவிடாமல். அம்மா மீன் அரிந்துகொண்டே கேட்டார். நாய் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது. "கருவாடு காரமாச்சே, நாய் தின்னுச்சாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, வந்து நீயே சொல்லிக்கொள்.

வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மீனைக் கழுவினார், சட்டியில் போட்டார், கையைத் துடைத்தார். எழுந்து போய் மேல் தட்டிலிருந்து அந்த டம்ளரை எடுத்து, நாம் குடிக்கிற டம்ளர்களோடு கீழே வைத்தார்.

"வரட்டும். குடிச்ச டம்ளர அவளே கழுவி வெக்கணும்னு சொல்லு."

நிலவன்